லென்ஸ் வாங்குவதற்கு முன் காற்றைப் பாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கையில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. பொங்கலுக்குப் பிறகு நான்கு நாள் ராமநாதபுரம் கடற்கரையில் தங்கி நீர்ப்பறவைகளையும் மீன்களையும் படம் எடுக்க ஆசை. அதற்குள் 600 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தவணையில் வாங்கிவிடலாமா? மீனுக்குத் தண்ணீருக்குள் போகும் கேமரா வேண்டுமா? எங்கே போவது, எப்போது போவது?

நான் மண்டபத்துக்காரன். பிழைப்பு வேறு தொழிலில். பதினாறு வருடமாக ஓய்வு நாட்களில் இந்தக் கரையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் லென்ஸ். தவணை வேண்டாம். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 300 மி.மீ. ஏறக்குறைய 450 மி.மீ. போலத் தெரியும். அது போதாது என்று பலரும் சொல்வார்கள். தனுஷ்கோடியில் வெயில் ஏறிய பிறகு எந்த லென்ஸும் போதாது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் மணல் சூடேறிக் கானல் எழும்புகிறது. இருநூறு மீட்டர் தூரத்துப் பறவையை 600 மி.மீ. லென்ஸில் இழுத்தால் பறவையோடு சேர்த்துக் கானலையும் பெரிதாக்குகிறீர்கள். படம் தண்ணீருக்கடியில் கிடந்த துணி போல நெளியும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று கேமராவைக் குறை சொல்லிக்கொண்டு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறை நடுவில் இருக்கும் காற்றில். பறவைக்கும் நமக்கும் இடையே அறுபது எழுபது அடிதான் என்றால் 300 மி.மீ. தாராளம். அந்த அறுபது அடியை எப்படி அடைவது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. அதைக் கடையில் விற்பதில்லை.

இந்தக் கரைக்கு ஒரு விசேஷம் உண்டு. ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கியிருக்கும், மற்றது ஆர்ப்பரிக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் வருடம் முழுக்க அப்படி இல்லை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று கிளம்பியதும் நிலைமை தலைகீழாகிவிடும். வடக்குக் கரை கலங்கி நுரைக்கும், தெற்குக் கரை தீவின் மறைவில் அமைதியாகிவிடும். எந்தக் கடல் இன்று அடங்கியிருக்கிறது என்று தெரியாமல் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புவது, வலை போட வந்தவன் நீரோட்டம் பார்க்காமல் படகைத் தள்ளுவது போலத்தான்.

காற்று இன்னொரு காரியமும் செய்கிறது. பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். மணலில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் கடற்காகக் கூட்டத்தைப் பாருங்கள், ஒன்றுவிடாமல் எல்லாம் காற்று வரும் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். எனவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் இறங்கும் பறவை உங்களைப் பார்த்து வருகிறது. காற்று முகத்தில் அடிக்கும்படி நின்றால் உங்களுக்குக் கிடைப்பது வாலும் பின்புறமும்தான். வெயிலும் முதுகுப் பக்கமே இருந்துவிட்டால் பறவையின் முகத்தில், கண்ணில், விரித்த சிறகின் அடியில் எல்லாம் வெளிச்சம் விழும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தை மாதத்தில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலை வெயில் கிழக்கும் தென்கிழக்குமாக வருகிறது. ஆகவே கிழக்கே முதுகு காட்டி நின்றால் காற்று, வெயில் இரண்டும் பின்னால். தை மாதக் காலை இந்தக் கரையில் படம் எடுப்பவனுக்குக் கிடைக்கும் வரம் அது. அதே நாள் மாலையில் வெயில் மேற்கே போய்விடும், காற்று அங்கேயே இருக்கும். பறவை உங்களைப் பார்த்து வந்தால் முகம் நிழலில் இருக்கும், முகத்தில் வெயில் பட்டால் அது உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் இது அப்படியே மாறும். காற்று தென்மேற்கு, அதனால் மாலைதான் நல்ல நேரம். நான் இதைப் புரிந்துகொள்ள ஐந்து வருடம் ஆயிற்று. அதுவரை மாலை நேரத்துப் பொன்னிற வெளிச்சத்தை நம்பி எத்தனையோ குளிர்கால மாலைகளை வீணாக்கினேன்.

நீங்கள் வருவது ஜனவரி என்பதால் தனுஷ்கோடி உங்களுக்குச் சரியான இடம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச் சாலை இருக்கிறது. பஸ்ஸிலும் போகலாம். சாலையின் இரண்டு பக்கமும் மணல் திட்டுகளும் அடி ஆழம்கூட இல்லாத நீர்ப்பரப்புகளும் உண்டு. ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். ஆகையால் சாலை ஓரத்தில் இருந்து வடக்கே பார்த்து எடுத்தால் வெளிச்சம் பெரும்பாலும் முதுகுப் பக்கமே இருக்கும். கடல் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அரை அடி வற்றினாலே பெரிய சேற்றுப் பரப்பு வெளியே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் கூடுதல். வற்றத் தொடங்கும் நேரம் விடியற்காலையோடு பொருந்தினால் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு கரைப்பறவைகள் நீரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

பூநாரைகளுக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். 2025 ஜூன் மாதம் தமிழக அரசு இங்கே சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. எனக்கு அது நிம்மதி தந்த செய்தி. ஏனென்றால் ஆரம்ப காலத்தில் நானே செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. முந்நூறு பூநாரைகளுக்கு மேல் இருந்த கூட்டம் அது. சிறகுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் செம்பவள நிறம் பறந்தால்தான் தெரியும். அது வேண்டும் என்று தண்ணீரில் இறங்கி நேராக நடந்தேன். எழும்பின. படமும் கிடைத்தது. பறந்து போய் அரை மைல் தள்ளி இறங்கிய கூட்டம் அன்று காலை முழுக்கத் தலை குனிந்து இரை தேடவே இல்லை. நிமிர்ந்த கழுத்தோடு நின்றுகொண்டே இருந்தது. நெடுந்தூரம் பறந்து, இந்த ஆழமில்லாத நீரைத் தேடி வந்த பறவைகள் அவை. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

பூநாரையின் கழுத்துதான் அளவுகோல். இரை தின்னும் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் நுழைத்து அரித்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு தலை நிமிர்வது சாதாரணம். பத்துக் கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். சிறகு விரித்த படம் வேண்டுமென்றால் காத்திருங்கள். காலையிலும் மாலையிலும் அவை தாமாகவே இடம் மாறும்.

காத்திருங்கள் என்று சொன்னேன் அல்லவா, அதை உட்கார்ந்தபடியே செய்யுங்கள். மணலில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறும் மணலும்தான் விழும். கேமரா பறவையின் கண் உயரத்துக்கு இறங்கினால் பின்னணி நெடுந்தூரம் தள்ளிப் போய்க் கரைந்துவிடும். நிற்கும் மனிதனைக் கண்டு ஓடும் உப்புக்கொத்தி, அரை மணி நேரமாகப் படுத்துக் கிடப்பவனைப் பொருட்படுத்தாமல் பத்தடி தூரத்தில் மேய்ந்துகொண்டு போகும். இங்கே நிரந்தரமாக வாழும் சிறிய உப்புக்கொத்தி ஒன்றை 2023இல் தனி இனமாகப் பிரித்து ‘ஹனுமன் ப்ளோவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கையையும் தென்னிந்தியாவையும் இணைக்கும், ராமர் பாலம் எனப்படும் மணல் திட்டு வரிசையை ஒட்டிய பெயர். அது வெறும் மணலில் முட்டையிடும், முட்டையும் மணல் நிறத்திலேயே இருக்கும். திட்டுகளின் மேல் வண்டி ஓட்டுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு சிறு பறவை உங்கள் முன்னால் சிறகு ஒடிந்தது போலத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியிலேயே கால் வைத்துத் திரும்பிவிடுங்கள்.

பூநாரையைவிட எனக்குப் பிடித்தது கரைக் கொக்கு. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பாறைகளில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். சாம்பல் கருமையில், தொண்டையில் மட்டும் வெள்ளைத் தீற்றலோடு ஒரு வகை, முழு வெள்ளையாக ஒரு வகை, இரண்டும் ஒரே இனம்தான். வயல் கொக்கு போல அசையாமல் நிற்காது. ஓடும், திரும்பும், சட்டென்று ஒரு சிறகை மட்டும் விரித்துத் தண்ணீரில் நிழல் விழச் செய்யும். போன மார்கழியில் மண்டபம் தென்கரையில் ஒரு கருங்கொக்கை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்ற பாறைக்குக் கீழே முழங்கால் ஆழத் தண்ணீர். முரல் மீன் குஞ்சுகள் நீரின் மேல்மட்டத்தில் ஊசி போல அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தன. கொக்கு கழுத்தை இடப்பக்கம் சாய்த்தது, பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்தது. நீரின் மினுமினுப்பு கண்ணில் படாத ஒரு கோணத்தைத் தேடியது போலத்தான் எனக்குத் தோன்றியது. கழுத்து அசைவற்று நின்ற அடுத்த நொடி குத்தியது. அலகில் ஒரு முரல் குறுக்கே வளைந்து துடித்தது. அதை ஒருமுறை தூக்கிப் போட்டு, தலைப்பக்கம் முன்னால் வரும்படி பிடித்து விழுங்கியது. மீனும் பறவையும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் குத்தும் நொடியை எதிர்பார்க்காதீர்கள், அதை விரல் எட்டிப் பிடிக்காது. கழுத்து நின்றதும் ஷட்டரை அழுத்தத் தொடங்கி, தூக்கிப் போட்டுத் திருப்பும் வரை விடாதீர்கள். அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான் எல்லாம் நடக்கிறது.

அந்தக் கொக்கு கழுத்தைச் சாய்த்துச் செய்ததை நாம் போலரைசர் ஃபில்டரைத் திருப்பிச் செய்கிறோம். நீரைச் சாய்வாக, ஏறக்குறைய நாற்பது டிகிரி கோணத்தில் பார்க்கும்போது அதன் பளபளப்பைப் போலரைசர் நன்றாக நீக்கிவிடும். கரையில் நின்றபடியே பாறைக்கடியில் திரியும் மீன்களைப் படம் எடுக்க இது ஒன்றே போதும். பறக்கும் பறவைக்கு அதைக் கழற்றிவிடுங்கள், வெளிச்சத்தில் முக்கால் பங்கு வரை அது தின்றுவிடும்.

கேமரா அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எட்டு மணி வெயிலில் வெள்ளைப் பறவைக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/2000 விநாடியில் ஆரம்பியுங்கள். பிறகு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, சிறகில் இறகுகளின் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். கருநீலத் தண்ணீர் பின்னணியில் ஒரு வெள்ளைக் கொக்கு இருந்தால் கேமரா தண்ணீரைப் பார்த்து ஏமாந்து வெள்ளையை எரித்துவிடும். வெளுத்த வானத்தில் பருந்தை எடுத்தால் அதற்கு நேர்மாறாக, பறவை கரிக்கட்டையாகிவிடும். அங்கே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஆலா என்னும் கடற்பறவை தலைகுப்புற விழுந்து மீன் பிடிப்பதை நிறுத்திக் காட்ட 1/2000 வேண்டும், 1/3200 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆலாவும் விழுவதற்கு முன் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும், அலகு நேர்கீழே பார்த்திருக்கும். அந்த இடைவெளியில் ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

கடலை விட்டு ஒரு நாள் உள்ளே வாருங்கள். ராமநாதபுரம் நகரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய், தேர்த்தங்கல், முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், எல்லாமே பறவைச் சரணாலயங்கள். இவற்றில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் நான்கும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. கடைசி இரண்டும் 2025 பிப்ரவரியில் சேர்ந்தன. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த வருடங்களில் கருவேல மரங்களின் மேல் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த வருடத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் கிளம்பும் முன் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊர்க்காரர் யாரிடமாவது விசாரியுங்கள். கூட்டுக்கு அருகே போக வேண்டாம், கரைமேலேயே நில்லுங்கள். தாய்ப்பறவை பத்து நிமிடம் கூட்டை விட்டு எழுந்தால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை முட்டையைத் தூக்கும். கரையிலிருந்தே எடுக்க ஏராளமாக இருக்கிறது. நீர் வற்றும் காலத்தில் மீன்களெல்லாம் கடைசிக் குட்டைகளில் ஒடுங்கும்போது நாரைகள் வாயைப் பிளந்து நீரில் அளைந்துகொண்டே வரிசையாக நடப்பதைப் பார்ப்பீர்கள். அந்த அலகு மீனைக் கண்ணால் தேடுவதில்லை. மீன் பட்டதும் மூடிக்கொள்கிறது.

இனி மீன். தண்ணீருக்குள் போகும் கேமரா இப்போதைக்கு வேண்டாம். மீனைப் படம் எடுக்க வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் நீங்கள் கற்பது பின்னால் தண்ணீருக்குள்ளும் உதவும்.

கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள். தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் இழுக்கிறார்கள். வலையின் மடி கரையை நெருங்கும்போது கடற்காகங்களும் செம்பருந்துகளும் மேலே வட்டமிடத் தொடங்கிவிடும். போனதும் கேமராவை எடுக்காதீர்கள். அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள், பேசுங்கள். ‘அண்ணாச்சி, படம் எடுக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மீன்பாடு மோசமான நாளில் யாருக்கும் கேமராவைப் பார்க்கப் பிடிக்காது. அன்று விட்டுவிடுங்கள்.

மடி அவிழ்ந்ததும் முதல் ஐந்து நிமிடம்தான் மீனுக்கு நிறம். காரல், சூடை, நெத்திலி எல்லாம் ஒரு வெள்ளி மூட்டையாகக் கொட்டும். அதற்குள் ஒரு கணவாய் கிடந்தால் மற்றதையெல்லாம் விட்டு அதன் பக்கத்தில் குந்திவிடுங்கள். ஒருமுறை கையகலக் கணவாய் ஒன்றின் தோலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடுகளவு பழுப்புப் புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று கலந்து, உடல் முழுக்கச் செந்நிறமாயிற்று. மறுகணம் எல்லாம் சுருங்கி உடல் கண்ணாடி போல வெளிறியது. பிறகு தலைப்பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு நிற அலை ஓடியது. இது மூன்று நான்கு நிமிடம் நடந்தது, பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நகரை மீனிலும் இதைப் பார்க்கலாம். மடியிலிருந்து வந்த வேளையில் இருக்கும் சிவப்பு, கூடைக்குப் போகும்போது வேறாகவும் ஏலத்துக்குப் போகும்போது மங்கியும் இருக்கும். மீன் சந்தையில் எடுத்த படங்கள் எல்லாம் ஏன் ஒரே சாம்பல் நிறமாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு மணி நேரம் தாமதம்.

வெள்ளி மீனை நேர் வெயிலில் எடுக்காதீர்கள். செதில் ஒவ்வொன்றும் சின்னக் கண்ணாடி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே சூரியன் இருந்தால் படத்தில் வெள்ளைப் பொத்தல்களாக விழும். உங்கள் நிழலிலோ ஒரு வெள்ளைக் குடை நிழலிலோ வையுங்கள், செதில் வரிசையும் மேனியின் நீல, ஊதா மினுக்கும் அப்போது தெரியும். என்ன மீன் என்று அடையாளம் காணும் நோக்கத்தோடு எடுப்பதாக இருந்தால் கோழையைக் கடல் நீரால் கழுவி, தலை இடப்பக்கம் வரும்படி கிடத்தி, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து நேர்மேலிருந்து எடுங்கள். பெயரைப் பிடித்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ஏனென்றால் எங்கள் பக்கம் சீலா என்றால் சென்னைக்காரர் சொல்லும் வஞ்சிரம். சென்னையில் சீலா என்று கேட்டால் அவர்கள் கொடுப்பது ஊளி. ஊர் எழுதாத மீன் பெயரால் பாதிப் பயன்தான்.

உயிருள்ள மீனுக்கு மண்டபத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. அது 1971இல் கொச்சிக்குப் போன பிறகும் இங்கே நிறுவனத்தின் மையம் நடக்கிறது, மீன் காட்சியகமும் உண்டு. திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும், ரப்பர் ஹூட் இருந்தால் வசதி. கண்ணாடிக்கு நேர்செங்குத்தாகப் பாருங்கள், சாய்த்துப் பார்த்தால் ஒளி விலகி மீனின் ஓரம் வண்ணக் கோடாகச் சிதறும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் உங்கள் உருவமே கண்ணாடியில் விழாது. 1/125 விநாடி, ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். மீனைத் துரத்தாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரே வட்டத்தில்தான் திரும்பத் திரும்ப வரும். அது திரும்பும் மூலையில் ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருந்தால், மூன்றாவது சுற்றில் உங்கள் படம்.

இதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மாசி, பங்குனியில் மறுபடி வாருங்கள். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்பாத அந்த இடைவெளியில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் தெளிந்திருக்கும். அங்கே 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்கக்கூடாது. வனத்துறை படகு விடும் இடங்களில் அவர்கள் படகிலேயே போய்ப் பார்க்கலாம். பாக் நீரிணைக் கரையில் உள்ள காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் கிராம மக்களோடு சேர்ந்து படகு விடுகிறார்கள், அங்கே நீர்ப்பறவைகளை நெருக்கத்தில் எடுக்கலாம். தண்ணீருக்குள் எடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான், நெருங்குங்கள். நீருக்குள் எல்லாம் கால் பங்கு கிட்டே இருப்பது போலத் தெரியும், சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டர் தண்ணீரே உறிஞ்சிவிடும். இரண்டு கைநீளத்துக்கு அப்பால் இருக்கும் மீன் நீலப் புகையாகத்தான் பதியும். ஆழமில்லாத இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். சொறி, அதாவது ஜெல்லிமீன், மிதக்கும் நாளில் இறங்கவே வேண்டாம்.

கடல்குதிரையோ கடல் அட்டையோ கண்ணில் பட்டால் படத்தோடு நிறுத்துங்கள். இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, கையில் எடுத்து வைத்துப் படம் பிடிப்பதும் வேண்டாம். டிரோன் கொண்டுவராதீர்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருக்கிறது, எல்லைக் கடல் வேறு. அதோடு, தலைக்கு மேல் பறக்கும் எதையும் பறவைகள் பருந்தாகத்தான் பார்க்கின்றன. காவல் படகுகள் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். இருட்டுவதற்கு முன் தனுஷ்கோடியை விட்டு வெளியேறிவிடுங்கள்.

கேமராவைக் காப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கரையில் கேமராவைக் கெடுப்பது உப்புதான். வெளியே லென்ஸ் மாற்றாதீர்கள். அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலெல்லாம் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். மணல் ஒட்டியிருக்கும்போது ஜூம் வளையத்தைத் திருப்பாதீர்கள், முதலில் ஊதித் தட்டுங்கள். என் முதல் லென்ஸ் ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் பைக்குள் மூடிக் கிடந்து பூஞ்சை பிடித்துப் போயிற்று. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் அதைத் திறந்து இன்னும் கெடுத்துத்தான் தந்தார்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருந்தால் அது இன்றும் வேலை செய்திருக்கும். ஏசி அறையில் தங்கினால் விடியற்காலையில் பையோடு வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும்.

நான்கு நாளை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். இரண்டு காலைகள் தனுஷ்கோடி, சூரியன் எழும் முன்பே, ஒரே இடத்தில். இரண்டாம் காலை எடுத்த படங்கள் முதல் காலை எடுத்தவற்றைவிட நன்றாக இருக்கும், வெளிச்சம் எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாட்களின் மதியத்தில் மீன் காட்சியகம். ஒரு நாள் கண்மாய்கள். நான்காவது நாளுக்கு இப்போதே இடம் குறிக்காதீர்கள். அன்று எழுந்ததும் பாம்பன் பக்கம் போய், நங்கூரம் போட்டு நிற்கும் நாட்டுப்படகுகளைப் பாருங்கள். அணியத்தை, அதாவது முன்முனையை, எந்தத் திசையில் திருப்பிக்கொண்டு நிற்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. வடக்கும் கிழக்குமாகத் திரும்பி நின்றால் தென்கரைக்கு வாருங்கள், அந்தக் கருங்கொக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.